முதல் எண்ணமும் ஏமாற்றத்தின் கணக்கும்

புதிதாக வேலையில் சேர்ந்த ஒருவரைப் பற்றி முதல் வாரம் அலுவலகமெங்கும் கேட்கும் புகழ்ச்சி ஆறு மாதத்தில் பெருமூச்சாக மாறிவிடுவதும், குடிவந்த புதிதில் தங்கமானவராகத் தெரிந்த அண்டை வீட்டார் ஆண்டு திரும்புவதற்குள் சாதாரண மனிதராகி, சில வேளைகளில் அதற்கும் கீழே இறங்கிவிடுவதும் எல்லாருக்கும் பழக்கமானவையே. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று பழமொழியே இருப்பதால், பழகினால் குறை தெரியும் என்பதை விளக்கம் வேண்டாத உண்மையாகப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சற்று நிதானித்துப் பார்த்தால் இதற்குள் ஒரு புதிர் இருக்கிறது. முதல் சந்திப்பில் எழும் எண்ணம் மிகக் குறைந்த தகவலைக் கொண்டு செய்யப்படும் மதிப்பீடு என்றால், தகவல் போதாமையால் நேரும் பிழை இரு பக்கமும் ஏறத்தாழ சமமாக விழவேண்டும். நினைத்ததைவிடக் குறைந்தவர்களாக எத்தனை பேர் தெரியவருகிறார்களோ, கிட்டத்தட்ட அத்தனை பேர் நினைத்ததைவிட உயர்ந்தவர்களாகவும் தெரியவரவேண்டும். நடைமுறையில் ஏமாற்றக் கதைகள்தாம் மலிந்து கிடக்கின்றன. தவறாக எடைபோட்டுவிட்டோம், அவர் உண்மையில் நல்ல மனிதர் என்று முடியும் கதைகள் அரிதாகவே காதில் விழுகின்றன. பிழை ஏன் ஒரே பக்கமாகச் சாய்கிறது என்ற இந்தக் கேள்விக்கு உளவியலாளர்கள் ஒரு நூற்றாண்டாகச் சேர்த்துவைத்திருக்கும் விடைகளுள் சில மனத்தைப் பற்றியவை, சில மனிதர்களைப் பற்றியவை, மிக முக்கியமானது வெறும் கணக்கைப் பற்றியது.

முதலில், முதல் எண்ணம் எவ்வளவு விரைவில் உருவாகிறது என்பதைப் பார்க்கவேண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டோடோரோவ் ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாதவர்களின் முகப் படங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு, அரை நொடி, ஒரு முழு நொடி என வெவ்வேறு கால அளவுகளுக்குக் காட்டி, அந்த முகத்துக்குரியவரின் அழகு, இனிமை, திறமை, நம்பகத்தன்மை, முரட்டுத்தனம் ஆகியவற்றை மதிப்பிடுமாறு கேட்டார்கள். பத்தில் ஒரு நொடி மட்டுமே பார்த்தவர்கள் சொன்ன தீர்ப்புகள், கால வரம்பே இல்லாமல் பார்த்தவர்கள் சொன்ன தீர்ப்புகளோடு பெரிதும் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தபோது தீர்ப்பு அதிகம் மாறவில்லை. அந்தத் தீர்ப்பின்மேல் அவர்கள் வைத்த உறுதிதான் வளர்ந்தது. பலருடைய தீர்ப்பும் ஒன்றாக இருப்பதால் அது சரியான தீர்ப்பாகிவிடாது என்பதை இங்கே மறக்கக் கூடாது. முகத்தைப் பார்த்து நம்பகமானவர் என்று நூறு பேர் ஒரே குரலில் சொல்லலாம், அந்த நூறு பேரும் தவறாகவும் இருக்கலாம்.

இவ்வளவு குறைந்த தகவலிலிருந்து முழு மனிதரையே மனம் வரைந்துவிடுவது எப்படி என்பதைச் சாலமன் ஆஷ் 1946-இல் வெளியிட்ட சோதனைகள் தெளிவாகக் காட்டின. ஒருவர் அறிவுக்கூர்மையும் கைத்திறனும் உழைப்பும் உள்ளவர், அன்பானவர், மனவுறுதியும் நடைமுறை அறிவும் முன்யோசனையும் உடையவர் என்று ஒரு குழுவுக்குப் படித்துக்காட்டப்பட்டது. மற்றொரு குழுவுக்கு அதே பட்டியலில் அன்பானவர் என்ற ஒரே சொல்லுக்குப் பதிலாக ஒட்டுதலற்றவர் என்பது வைக்கப்பட்டது. பிறகு, பட்டியலில் இல்லாத பண்புகளைப் பற்றிக் கேட்டபோது, அவர் தாராள மனம் உடையவராக இருப்பார் என்று முதல் குழுவில் 91 விழுக்காட்டினரும் இரண்டாம் குழுவில் வெறும் 8 விழுக்காட்டினரும் சொன்னார்கள். அவர் நேர்மையானவரா என்ற கேள்விக்கு மட்டும் இரு குழுக்களின் விடையிலும் வேறுபாடு அநேகமாக இல்லை. ஆக, தெரியாத இடங்களை மனம் காலியாக விட்டுவைப்பதில்லை. தெரிந்த ஒன்றுடன் பொருந்தக்கூடியது எதுவோ அதைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது.

இதற்கு முன்பே, 1920-இல், எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் இராணுவ அதிகாரிகள் தம் கீழ் பணியாற்றியவர்களுக்கு வழங்கிய மதிப்பெண்களை ஆராய்ந்து, உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று நம்ப முடியாத அளவுக்கு ஒட்டுறவு கொண்டிருப்பதைக் கண்டார். ஒட்டுறவு என்பது ஓர் அளவு கூடும்போது இன்னோர் அளவும் சேர்ந்து கூடும் போக்கு. உயரமும் தோள்வலியும் உள்ளவர் புத்திசாலியாகவும் இருக்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாதபோது, அதிகாரிகளின் ஏடுகளில் அப்படி இருந்தது. ஒருவரைப் பற்றிய பொதுவான நல்லெண்ணம் அவருடைய தனித்தனிப் பண்புகள் ஒவ்வொன்றின்மேலும் பரவிப் படிந்துவிட்டது என்பதே அதற்கு விளக்கம். தெய்வப் படங்களில் தலைக்குப் பின்னால் வரையப்படும் ஒளிவட்டத்தை நினைவூட்டுவதால் இது ஒளிவட்ட விளைவு எனப்படுகிறது.

ஒளிவட்டம் பிற்காலத்து ஏமாற்றத்துக்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. தாராள மனம் உடையவர் என்று யாரும் சொல்லாமலே கற்பனையில் ஏற்றிவைத்த ஒருவர், தேநீர்க் கடையில் தன் பங்குக் காசைக் கூடக் கொடுக்கத் தயங்கும்போது, அவர் எதையும் மாற்றிக்கொள்ளாமலே குறைந்துபோகிறார். ஆனால் இந்த விளக்கம் புதிரை முழுதாக அவிழ்ப்பதில்லை. ஏனெனில் இதே நிகழ்வு எதிர்த்திசையிலும் நடக்கிறது. ஹரால்ட் கெல்லி, 1950-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக வகுப்பொன்றில் வெளியிலிருந்து ஓர் ஆசிரியரை அழைத்துவந்தபோது, அவரைப் பற்றிய குறிப்பில் பாதி மாணவர்களுக்கு அவர் மிகவும் அன்பானவர் என்றும் மீதிப் பேருக்குச் சற்றே ஒட்டுதலற்றவர் என்றும் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரே அறையில், ஒரே உரையைக் கேட்டும், நடந்த கலந்துரையாடலில் முதல் வகையினரில் 56 விழுக்காட்டினர் பங்கெடுக்க, இரண்டாம் வகையினரில் 32 விழுக்காட்டினரே வாய் திறந்தார்கள். ஒரு சொல் உயர்த்தும் என்றால் ஒரு சொல் தாழ்த்தவும் செய்யும். அப்படித் தாழ்த்தப்பட்டவர்கள் பழகப் பழக உயர்ந்து தெரியவேண்டும் அல்லவா? அவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. (கெல்லியின் மாணவர்களில் ஒட்டுதலற்றவர் என்று எண்ணியவர்கள் குறைவாகப் பேசினார்கள் என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது, விடையின் ஒரு நுனி அங்கேதான் இருக்கிறது.)

சிலர் விஷயத்தில் சரிவுக்குக் காரணம் பார்ப்பவரின் மனத்தில் மட்டும் இல்லை. முதல் சந்திப்பில் ஒளிர்வதற்கென்றே அமைந்ததுபோன்ற குணவார்ப்பு ஒன்று உண்டு. தன்னை மிக உயர்வாக எண்ணுவதும், பிறர் வியப்பை நாடுவதும், தனக்குத் தனிச் சலுகை உரியது என்று நம்புவதும் சேர்ந்த இப்பண்பைத் தன்மோகம் எனலாம். இங்கே பேசப்படுவது நோய் என்று மருத்துவர் முடிவுசெய்யும் அளவிலான தன்மோகம் அன்று. கூடுதலாகவோ குறைவாகவோ எல்லாரிடமும் காணப்படும் இயல்பு. 40 இணைக் கூற்றுகள் கொண்ட ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு இணையிலும் தமக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி இதை அளப்பது ஆய்வாளர்களின் வழக்கம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டெல்ராய் பால்ஹஸ் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஒருவரையொருவர் அறியாத மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வாரம் ஒரு முறை 20 நிமிடம் தலைவர் இல்லாமல் கலந்துரையாடினார்கள். இப்படி ஏழு கூட்டங்கள் நடந்தன. முதல் கூட்டத்தின் முடிவிலும் ஏழாவதன் முடிவிலும் ஒருவரையொருவர் மதிப்பிட்டார்கள். தம்மைத் தாமே உயர்த்திக்கொள்ளும் இயல்புடையவர்கள் முதல் கூட்டத்துக்குப் பின் இனிமையானவர்கள், மனத்தெளிவு உள்ளவர்கள், திறமைசாலிகள் என்று நற்சான்று பெற்றார்கள். ஏழாவது கூட்டத்தில் அதே குழு, அதே ஆட்களை, எதிர்மறையாக மதிப்பிட்டது. மொத்தம் இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பழக்கம் இதற்குப் போதுமாக இருந்திருக்கிறது.

அந்த முதல் நாள் கவர்ச்சி எதிலிருந்து வருகிறது என்று ஜெர்மனியில் மிட்ஜா பாக், ஸ்டெஃபான் ஷ்முக்லே, போரிஸ் எக்லோஃப் மூவரும் 2010-இல் ஆராய்ந்தார்கள். கல்லூரியில் சேர்ந்த முதல் நாளில் 73 மாணவர்கள் ஒவ்வொருவராக முன்னே வந்து தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள, மற்றவர்கள் உடனுக்குடன் மதிப்பெண் இட்டார்கள். எடுப்பான உடை, கவரும் முகபாவம், தயக்கமற்ற உடல் அசைவு, நகைச்சுவை கலந்த பேச்சு ஆகியவையே தன்மோகம் மிகுந்தவர்களுக்கு வாக்குகளை வாங்கித் தந்தவை என்று அறிமுகக் காட்சிகளின் பதிவுகளைப் பகுத்தபோது தெரிந்தது. வியப்பூட்டும் செய்தி இதற்கு அடுத்தது: தன்மோகத்தின் உட்கூறுகளில் முதல் பார்வையில் அதிகம் விரும்பப்பட்டது, பின்னாளில் உறவுகளைக் கெடுப்பதில் முதலிடம் வகிக்கக்கூடிய கூறு, அதாவது சலுகை எதிர்பார்த்துப் பிறரைப் பயன்படுத்திக்கொள்ளும் போக்கு. பாக்கின் குழுவினர் பின்னர், 2015-இல், வாரக்கணக்கில் தொடர்ந்து சந்தித்த குழுக்களின் நடத்தையைப் பதிவுசெய்து பார்த்தபோது சரிவின் இயக்கமும் ஓரளவு புலப்பட்டது. தொடக்கத்தில் தன்மோகிகளின் துணிவான, முன்னின்று பேசும் நடத்தை கண்ணில் பட்டு மதிப்பை உயர்த்துகிறது. நாள் செல்லச் செல்ல, இறுமாப்பும் பிறரைச் சீண்டுவதும் மேலெழுந்து, நம்பத்தகாதவர் என்ற எண்ணத்தை வளர்க்கின்றன. முதல் சந்திப்பில் அந்த இரண்டாவது வகை நடத்தைக்கு வாய்ப்பே வருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். பொறுப்பைப் பகிர்வதும் பழியை ஏற்பதும் வரவு செலவைப் பிரிப்பதும் அறிமுக நாளில் நடக்கும் காரியங்கள் அல்ல.

தன்மோகிகளை விட்டுவிட்டுச் சாதாரண மனிதர்களிடம் வந்தால், ஈர்த்த குணமே பின்னர் உறுத்தும் குணமாக மாறுவதைக் காணமுடிகிறது. சமூகவியலாளர் டயேன் ஃபெல்ம்லி 1995-இல் வெளியிட்ட ஆய்வில் 301 கல்லூரி மாணவர்களிடம், அவர்களுடைய அண்மைக் காதல் உறவில் முதலில் ஈர்த்தது எது என்றும், பிறகு அந்தத் துணையிடம் மிகவும் பிடிக்காமல் போனது எது என்றும் தனித்தனியே கேட்டு, இரு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏறத்தாழ பத்துப் பேரில் மூவருக்கு இரண்டும் ஒரே பண்பின் இரண்டு முகங்களாக இருந்தன. வேடிக்கையாகப் பேசுபவர் என்று ஈர்த்தவர் பொறுப்பற்றவராகவும், உறுதியானவர் அடக்கியாள்பவராகவும், நினைத்தவுடன் செயலில் இறங்குபவர் நம்பி எதுவும் திட்டமிட முடியாதவராகவும் தெரிந்தார்கள். பின்னோக்கி நினைவுகூர்ந்து சொன்ன விடைகள் இவை என்பதால் கசப்பின் சாயம் பழைய நினைவிலும் ஏறியிருக்கலாம். ஆனாலும், இத்தகைய ஏமாற்றத்தில் புதிய குறை எதுவும் 'வெளிப்படுவதில்லை' என்பது கவனிக்கத்தக்கது. முதல் நாளே கண்முன் இருந்த ஒன்றின் விலைதான் பின்னால் தெரியவருகிறது.

இனி, வெளிப்படும் குறைகளுக்கு மனம் கொடுக்கும் எடையைப் பார்க்கலாம். நல்லதும் கெட்டதும் ஒரே அளவில் தெரியவந்தாலும், கெட்டதற்கே அதிக எடை கிடைப்பதை எதிர்மறைச் சாய்வு என்பார்கள். இதை வெறும் மனக்குறையாகக் கருதாமல், அதற்குள் ஒரு தர்க்கம் இருப்பதாக ஜான் ஸ்கோவ்ரோன்ஸ்கி, டோனல் கார்ல்ஸ்டன் இருவரும் 1980-களின் இறுதியில் வாதிட்டார்கள். நேர்மையானவர் பொய் சொல்லாதிருப்பார். பொய்யரோ எப்போதும் பொய்யே சொல்லிக்கொண்டிருப்பதில்லை, பெரும்பாலான நேரம் உண்மையே பேசுகிறார். எனவே ஒருவர் உண்மை பேசுவதைப் பார்த்து அவர் இரு வகையில் எவர் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரே ஒரு பொய் பிடிபட்டால் கண்டுபிடித்துவிடலாம். ஒரு செயல் ஒருவரின் வகையைப் பிரித்துக்காட்டும் இந்த ஆற்றலை அடையாளங்காட்டும் தன்மை எனலாம். ஒழுக்கத்தைப் பொறுத்தவரை தீய செயலுக்கே அது அதிகம். திறமையைப் பொறுத்தவரை நிலைமை நேர் எதிரானது. கடினமான கணக்கொன்றை ஒருமுறை விடுவித்தவர் மறுநாள் எளிய கணக்கில் தடுமாறினாலும் திறமைசாலி என்ற பெயரை இழப்பதில்லை, ஏனெனில் திறமையற்றவரால் அந்த முதல் கணக்கைப் போட்டிருக்கவே முடியாது. ஒருவருடைய பேச்சும் சாமர்த்தியமும் முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடுகின்றன. நாணயமும் விசுவாசமும் தெரிய நாளாகும். முதலில் காணப்படுவது ஒரு நல்ல செயலே பெயர் வாங்கித் தரும் களம், பிறகு காணப்படுவது ஒரு தீய செயலே பெயரைக் கெடுக்கும் களம் என்பதால், காலம் கடக்கையில் மதிப்பெண் இறங்குவதற்கான வாய்ப்பு அமைப்பிலேயே இருக்கிறது.

மைரன் ராத்பார்ட், பெர்னாடெட் பார்க் ஆகியோர் 1986-இல் கண்டதும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. நல்ல பண்புகளைப் பெற்றிருப்பதாக நிலைநாட்டப் பல நிகழ்வுகள் தேவைப்படுகின்றன, இழக்கச் சில போதும். கெட்ட பண்புகள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன, எளிதில் உதிர்வதில்லை. உதிரவே உதிராது என்றும் இதைக் கொள்ளக் கூடாது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் மான், மெலிசா ஃபெர்குசன் இருவரும் 2015-இல் ஒரு கதையைப் பயன்படுத்தினார்கள். அதில் ஒருவர் அண்டை வீடுகளுக்குள் கதவை உடைத்துப் புகுந்து, பொருள்களைச் சேதப்படுத்தி, விலைமதிப்பற்றவற்றை எடுத்துச் செல்கிறார். அவ்வீடுகள் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தன, அவர் தூக்கி வந்தவை குழந்தைகள் என்பது கடைசியில் தெரியவருகிறது. அவர்மேல் உருவாகியிருந்த வெறுப்பு, யோசித்துச் சொல்லும் விடையில் மட்டுமின்றி, யோசிக்க நேரமில்லாத தன்னியக்க எதிர்வினையிலும் நொடியில் தலைகீழாயிற்று. அந்தச் செயலோடு தொடர்பில்லாத வேறொரு வீரச் செயலை மட்டும் சொன்னபோது அந்த மாற்றம் நிகழவில்லை. பழைய செய்தியின் பொருளையே மாற்றும் தகவலுக்கு இருக்கும் வலிமை, அதன்மேல் அடுக்கப்படும் நற்செயல்களுக்கு இல்லை.

இவ்வளவையும் தொகுத்தால் பழமொழி சரிதான் என்று தோன்றும். மைக்கேல் நார்ட்டனும் அவருடைய கூட்டாளிகளும் 2007-இல் வெளியிட்ட கட்டுரை அப்படித்தான் சொன்னது. ஒருவரைப் பற்றி அதிகம் தெரிந்துகொண்டால் அவரை அதிகம் பிடிக்கும் என்றே பெரும்பாலோர் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் முன்பின் அறியாத ஒருவரின் பண்புகளைக் கூடுதலாகவும் குறைவாகவும் பட்டியலிட்டுக் கொடுத்தபோது, பட்டியல் நீள நீள விருப்பம் சராசரியில் குறைந்தது. இடையில் எங்கோ தம்மோடு ஒத்துப்போகாத ஒரு பண்பு தட்டுப்பட்டவுடன், அடுத்து வருபவையும் ஒத்துப்போகாதவையாகவே படத் தொடங்கி, ஒரு சரிவு ஏற்படுகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ஹாரி ரீஸ் தலைமையிலான குழு இதற்கு நேர்மாறான முடிவை முன்வைத்தது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் பட்டியலைப் படிக்கவில்லை. அறிமுகமில்லாத ஒருவரோடு நேரிலோ இணையவழியிலோ உண்மையாகவே உரையாடினார்கள். உரையாடல்கள் கூடக் கூட விருப்பமும் கூடியது. அறிவியலில் அரிதாக நடக்கும் ஒரு காரியம் பிறகு நடந்தது: எதிரெதிர் அணியினர் 2015-இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி, எந்தக் கட்டத்து உறவில், எந்த வகைப் பழக்கம், எதைச் செய்கிறது என்று பிரித்துக்காட்ட முயன்றார்கள். பட்டியல் எவருக்கும் மறுமொழி சொல்வதில்லை, சிரிப்பதில்லை, கேட்பவரின் மனம் அறிந்து தன்னைத் திருத்திக்கொள்வதும் இல்லை என்பதால், இரு முடிவுகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதில் வியப்பில்லை.

அப்படியானால் பழக்கம் தன்னளவில் புளிக்க வைப்பதில்லை. ஆயினும் அன்றாட வாழ்வில் ஏமாற்றமே மிகுந்து காணப்படுவதற்கு, மனத்தின் சாய்வுகள் எதையும் துணைக்கு அழைக்காத ஒரு கணக்கு விளக்கம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள, மனிதர்களை விட்டு உணவகங்களுக்குப் போகலாம். ஒரு புது ஊரில் பத்து உணவகங்கள் இருக்கின்றன. பத்திலும் ஒவ்வொரு வேளை சாப்பிட்டுப் பார்க்கிறார் ஒருவர். அன்றைய உணவின் சுவையில் இரண்டு பங்குகள் உண்டு: அந்த இடத்தின் நிலையான தரம் ஒன்று; மாவு புளித்த பதம், அன்று அடுப்படியில் நின்றவரின் கைப்பக்குவம், கூட்டத்தின் நெருக்கடி என்று நாளுக்கு நாள் மாறும் தற்செயல் இன்னொன்று. பத்தில் மிகச் சிறந்ததாகத் தோன்றியதை அவர் தேர்ந்தெடுக்கிறார். அது பத்தில் முதலாவதாக வந்ததற்குத் தரத்தோடு நல்ல வேளையும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தரம் நாளையும் இருக்கும். நல்ல வேளை இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே இரண்டாம் முறை போகும்போது சுவை, சராசரியாகப் பார்த்தால், ஒரு படி இறங்கியே தீரும். சமையற்காரர் மாறவில்லை, சாப்பிடுபவரின் நாக்கும் மாறவில்லை, தேர்ந்தெடுத்த செயலே இறக்கத்தை உண்டாக்கிவிட்டது.

சராசரிக்குத் திரும்புதல் எனப்படும் இதை ஃப்ரான்சிஸ் கால்டன் 1886-இல் உயரங்களை வைத்து விளக்கினார். 205 பெற்றோர் இணைகளையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் அளந்தபோது, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் பொதுமக்களைவிட உயரமாகவும் பெற்றோரைவிடக் குட்டையாகவும் இருந்தார்கள். ஏதோ ஒரு விசை தலைமுறைகளைச் சராசரியை நோக்கி இழுக்கிறது என்று இதைப் படிப்பது எளிது. ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டு, மிக உயரமான பிள்ளைகளிலிருந்து தொடங்கினால் அவர்களுடைய பெற்றோரும் அவர்களைவிடச் சராசரிக்கு அருகிலேயே நிற்கிறார்கள். காலம் பின்னோக்கி இழுப்பதில்லையாகையால், இங்கே விசை ஏதும் இல்லை, உச்சியில் இருப்பவற்றைப் பொறுக்கியெடுத்ததன் விளைவு மட்டுமே இருக்கிறது. நண்பரையும் துணையையும் ஊழியரையும் முதல் எண்ணத்தின் உச்சியிலிருந்தே எல்லாரும் பொறுக்கியெடுப்பதால், பின்வரும் மாதங்களில் அவர்கள் ஓரளவு இறங்கித் தெரிவது பெரும்பாலும் யாருடைய குற்றமும் அன்று.

ஆனால் சராசரிக்குத் திரும்புதல் இரு பக்கமும் வேலை செய்யும். பத்து உணவகங்களில் கடைசியாக வந்ததற்கும் அன்றைய கெட்ட வேளை ஒரு காரணமாக இருந்திருக்கும். மறுபடி போனால் அது முன்னைவிட நன்றாகவே இருக்கும். யாரும் மறுபடி போவதில்லை என்பதுதான் சிக்கல். முதல் எண்ணம் நல்லதாக இருந்தால் பழக்கம் தொடர்கிறது, தொடரும் பழக்கம் மிகை மதிப்பீட்டைத் திருத்துகிறது. முதல் எண்ணம் கெட்டதாக இருந்தால் பழக்கம் அத்துடன் நிற்கிறது, குறை மதிப்பீடு திருத்தப்படாமலே உறைந்துபோகிறது. இந்தச் சமனின்மையை ஜெர்கர் டென்ரெல் 2005-இல் முறையான கணிதமாக்கினார். பார்ப்பவர்கள் எவ்விதச் சாய்வும் இல்லாமல் தகவலை நேர்மையாக எடைபோட்டாலும்கூட, பிடித்தவர்களை மட்டும் மீண்டும் சந்திக்கும் உரிமை இருந்தாலே போதும், மனிதர்களைப் பற்றிய மொத்த எண்ணம் உண்மையைவிடக் கீழே சாய்ந்துவிடும் என்று அவர் காட்டினார். தொடக்கத்தில் எழுந்த புதிருக்கு விடை இங்கே கிடைக்கிறது. பிழை இரு பக்கமும் விழத்தான் செய்கிறது. ஒரு பக்கத்துப் பிழை மட்டும் பிழை என்று தெரியவருகிறது. நினைத்ததைவிட நல்லவர்களாக இருந்தவர்கள் ஏராளமானோர். அவர்களோடு யாரும் பிறகு பழகவில்லை.

இதைச் சோதனைக்கூடத்தில் காட்ட ரஸ்ஸல் ஃபேசியோவும் கூட்டாளிகளும் மனிதர்களையே பயன்படுத்தாமல், கணினி விளையாட்டு ஒன்றை அமைத்து 2004-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வடிவத்திலும் புள்ளிகளின் எண்ணிக்கையிலும் வேறுபட்ட பயறுகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். சில உண்டால் ஆற்றல் கூடும், சில உண்டால் குறையும். உண்ணாமல் விட்டால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை, அது எப்படிப்பட்டது என்று தெரியவும் தெரியாது. விளையாட்டு முடிந்தபின் கேட்டபோது, கெட்ட பயறுகளை விளையாடியவர்கள் நன்றாகவே அடையாளம் கண்டார்கள். நல்ல பயறுகளில் பலவற்றைக் கெட்டவை என்று தவறாக நம்பிக்கொண்டிருந்தார்கள். கெட்டதை நல்லது என்று நம்பியவர் அதை உண்டு, அடிபட்டு, திருந்துகிறார். நல்லதைக் கெட்டது என்று நம்பியவருக்குத் திருந்தும் சந்தர்ப்பமே வருவதில்லை. தவிர்த்த பயறின் பலனையும் திரையில் காட்டியபோது இந்தச் சாய்வு மறைந்தது.

விலகிப் போகும் உரிமை இல்லாத இடங்களில் கெட்ட முதல் எண்ணங்களுக்கு மறு தேர்வு கிடைக்கும் என்பது இதிலிருந்து வரும் எதிர்பார்ப்பு. லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், குர்ட் பாக் மூவரும் 1950-இல் வெளியிட்ட புகழ்பெற்ற குடியிருப்பு ஆய்வில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் குடியிருப்பில் ஒரே மாடியில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தவர்களுள் 41 விழுக்காட்டினரும், ஒரு வீடு இடைவிட்டு வாழ்ந்தவர்களுள் 22 விழுக்காட்டினரும், மாடியின் இரு கோடிகளில் வாழ்ந்தவர்களுள் 10 விழுக்காட்டினரும் ஒருவரையொருவர் நெருங்கிய நண்பராகக் குறிப்பிட்டார்கள். வீடுகள் அவர்கள் விரும்பித் தேர்ந்தவை அல்ல, காலியானபோது ஒதுக்கப்பட்டவை. அடுத்த வீட்டுக்காரரை முதல் நாள் பிடிக்காவிட்டாலும் மாடிப்படியில் மீண்டும் மீண்டும் சந்திக்கவேண்டியிருந்ததே இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம் என்று டென்ரெல் தம் கணக்கைக் கொண்டு விளக்குகிறார்.

இன்னும் கடினமான சோதனை நடாலி ஷூக், ஃபேசியோ இருவரும் 2008-இல் வெளியிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதி ஒன்றில் முதலாண்டு வெள்ளையின மாணவர்கள் சிலருக்கு வெள்ளையினத்தவரும் சிலருக்குக் கறுப்பினத்தவரும் அறைத் தோழர்களாகக் குலுக்கல் முறையில் அமைந்தார்கள். பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இரு வகையினரும் அளக்கப்பட்டார்கள். கலப்பு அறைகளில் இருந்தவர்கள் தம் அறைத் தோழரைப் பற்றி மற்றவர்களைவிடக் குறைவான மனநிறைவையே தெரிவித்தார்கள். சேர்ந்து செலவிட்ட நேரமும் குறைவு. நட்பு மலர்ந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் கறுப்பினத்தவரைப் பற்றி அவர்களிடம் தன்னியக்கமாக எழும் எதிர்வினை, அதே பருவத்தில், முன்பைவிட நல்ல பக்கமாக நகர்ந்திருந்தது. அவர்களோடு பழகுவதில் இருந்த பதற்றமும் குறைந்திருந்தது. ஒரே இனத்தவர் தங்கிய அறைகளில் இந்த மாற்றம் காணப்படவில்லை.